ஆத்தேயின் அடுப்பும் நமது பொன்விழாப் பந்தியும்

(பொன்விழா ஆண்டின் தொடக்க ஞாயிறு மாலை பங்குக் கூடத்தில் நடைபெற்ற பங்குக் குடும்பக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)





பொன்விழாக் கூட்டத்தில் பங்குச் சாமியார் பேச எழுந்தால், ஆலயம் கட்டிய வரலாறு, மணிக்கூண்டு எழுந்த வரலாறு, முன்னோர் பட்ட பாடு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றையெல்லாம் மலர்க் குழுவினர் தக்கவர்களைக் கொண்டு எழுதுவிக்கிறார்கள். நான் இன்று சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். காரணத்தோடுதான் பேசுகிறேன்.

சென்ற வாரம் விழாக் குழு கூடியபோது, பொன்விழாச் சமபந்தி விருந்துக்கு என்ன உணவு என்ற கேள்வி எழுந்தது. நகரத்திலிருந்து சமையற்காரரை வரவழைத்து பிரியாணி போடலாம் என்றார் ஒருவர். நம் ஊர்க் கறியையே வைக்கலாமே என்றார் இன்னொருவர். உடனே ஒரு குரல் வந்தது: "ஆயர் ஆண்டகை வருகிறார், வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் கருவாட்டையும் வைத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த வயதான தாய் ஒருவர் மெல்லக் கேட்டார்: "சாமி, நாங்க ஆக்கினா யாரும் சாப்பிட மாட்டாங்களா?"

அன்பர்களே, அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தத் தாய்க்குத் தர வேண்டிய பதில் கடனாக என்னிடம் இருக்கிறது. அதை நான் படித்தது குருமடத்தில் அன்று. கடல் கடந்த ஒரு நாட்டில், தெருவோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில், நானே ஒரு தவறு செய்து படித்தேன்.

வளைகுடா நாடுகளிலும் கப்பல்களிலும் வேலை பார்த்துத் திரும்பிய நம் பிள்ளைகளுக்கு பிலிப்பைன்ஸ் நாட்டவரைத் தெரியும். 7,641 தீவுகள் கொண்ட நாடு. ஆசியக் கண்டத்தில் கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு. 2009-ஆம் ஆண்டு மேய்ப்புப்பணிப் பயிற்சிக்காக என்னை அங்கே அனுப்பினார்கள். மணிலாவை அடுத்த கேசோன் நகரில், லொயோலா ஹைட்ஸ் என்ற மேட்டில், இயேசு சபையாரின் அத்தெனேயோ பல்கலைக்கழக வளாகத்தில் தங்கியிருந்தேன். அந்த மேட்டிலிருந்து இறங்கினால் மரிக்கினா ஆற்றுப் பள்ளத்தாக்கு.

இறங்கும் சாலையில் சிறு சிறு சாப்பாட்டுக் கடைகள் உண்டு. அவற்றைக் 'காரிந்தேரியா' என்பார்கள். அந்தப் பெயருக்குள் நம் 'கறி' ஒளிந்திருக்கிறது என்று சொல்வோரும் உண்டு. தகரக் கூரை, ஒரு நீள விசுப்பலகை, மேசைமேல் பிளாஸ்டிக் விரிப்பு, வரிசையாக மூடி போட்ட அலுமினியப் பாத்திரங்கள். மூடியைத் திறந்து பார்த்து, 'இது கொஞ்சம், அது கொஞ்சம்' என்று விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். ஆகவே இக்கடைகளுக்குத் 'தூரோ-தூரோ', அதாவது 'சுட்டு, சுட்டு' என்றே ஒரு பெயர். மொழி தெரியாத என்னைப் போன்றவனுக்கு இதைவிட நல்ல கடை கிடைக்குமா? கையில் காசு குறைந்தவர் கறியில் பாதி அளவு கேட்கலாம். சோறு மட்டும் வாங்குகிறவருக்குக் குழம்புச் சாற்றை இலவசமாக ஊற்றுவார்கள். கட்டடத் தொழிலாளி, மாணவன், வாடகை வண்டி ஓட்டுநர் எல்லாரும் ஒரே பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உண்பார்கள்.

நான் போன கடையை நடத்தியவர் ஒரு விதவைத் தாய். எல்லாரும் அவரை 'ஆத்தே' என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் 'அக்கா' என்று பொருள். வாசலில் யார் கடந்து போனாலும் அவர், "காயின் போ தாயோ!" என்பார். "வாருங்கள், சாப்பிடுவோம்" என்று பொருள். அதில் வரும் 'போ' மரியாதைச் சொல். முதல் நாள் எனக்கு அது விளங்கவில்லை. சாப்பிட அழைத்துக்கொண்டே 'போ' என்கிறாரே இந்த அம்மாள் என்று திகைத்து நின்றேன்!

அன்று அவர் என் தட்டில் வெள்ளை வெளேரென்று அரிசி மாவில் அவித்த பலகாரம் இரண்டை வைத்தார். பெயர் 'பூத்தோ' என்றார். நம் புட்டின் பெயர் மலாய் நாடு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்று கூறுவர். எனக்கோ இட்லியைக் கண்ட மகிழ்ச்சி. அதன் பக்கத்தில் கரிய குழம்பு ஒன்றை ஊற்றினார். என்னவென்று கேட்டேன். 'தினுகுவான்'. பன்றி இறைச்சியைப் பன்றி இரத்தத்தில் காடி ஊற்றிச் சமைத்தது. பூத்தோவுக்கு அதுதான் ஏற்ற துணையாம். நான் முகத்தைச் சுளித்தேன். தட்டைத் தள்ளி வைத்தேன். அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சோறும் பொரித்த முட்டையும் கொண்டு வந்தார். அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்பர்களே, நான் ஆட்டு இரத்தப் பொரியல் தின்று வளர்ந்தவன்! அவருடைய இரத்தக் குழம்பு எனக்கு அருவருப்பு, என் தாயின் இரத்தப் பொரியல் எனக்கு அமுது. இது என்ன நியாயம்? அந்தக் கேள்வி என்னை உறங்க விடவில்லை. அந்த மக்களின் உணவைப் பற்றிக் கேட்கவும் படிக்கவும் தொடங்கினேன். அதே பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்து 2002-இல் மறைந்த தோரீன் பெர்னாண்டஸ் என்ற பேராசிரியை, பிலிப்பினோ உணவைப் பற்றி ஆழ்ந்து எழுதியவர். அவர் நூல்களைப் படித்தும், பலரிடம் கேட்டும் நான் அறிந்தவற்றில் மூன்று கருத்துகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பெயர் போனாலும் பானை போகவில்லை.

அந்த நாட்டின் பெயரே அவர்கள் வைத்ததன்று. 1543-இல் வில்லலோபோஸ் என்ற ஸ்பானியக் கடலோடி, பின்னாளில் இரண்டாம் பிலிப்பு மன்னரான இளவரசரின் பெயரை அங்குள்ள தீவுகளுக்கு இட்டார். 1565 முதல் 1898 வரை 333 ஆண்டுகள் ஸ்பானியர் ஆண்டார்கள். பின்பு அமெரிக்கர், இடையில் ஜப்பானியர், 1946-இல் விடுதலை. 1849-இல் கிளாவெரியா என்ற ஸ்பானிய ஆளுநர், ஒரு பெயர்ப்பட்டியலை அச்சிட்டு, அதிலிருந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். நாட்டுக்குப் பெயர் பிறர் தந்தது, வீட்டுக்குப் பெயர் பிறர் தந்தது. பின் அவர்களுக்கென்று மிஞ்சியது எது?

அடுப்படியைப் பாருங்கள். அவர்களுடைய புகழ்பெற்ற உணவுக்கு 'அதோபோ' என்று பெயர். இறைச்சியைக் காடி, பூண்டு, உப்பு, மிளகு சேர்த்துச் சமைப்பது. பெயர் ஸ்பானியப் பெயர். ஆனால் சமையல் ஸ்பானியர் கொண்டு வந்ததன்று. தென்னையில் கள் இறக்கி, அது புளித்துக் காடியானதும், அதில் இறைச்சியை வேகவைத்தால் வெப்ப நாட்டிலும் சில நாள் கெடாது. இதை அம்மக்கள் தாமே கண்டறிந்திருந்தார்கள். 1613-இல் தகாலோக் மொழி அகராதியை வெளியிட்ட பேத்ரோ தெ சான் புவெனவெந்தூரா என்ற பிரான்சிஸ்கு சபைத் துறவி, இந்தச் சமையலைக் கண்டு, தமக்குத் தெரிந்த சொல்லால் அதனை அதோபோ என்று குறித்தார். அச்சொல்லே நிலைத்துவிட்டது. பெயர் மாறிற்று, பானைக்குள் இருந்த சுவை மாறவில்லை.

இரண்டாவது, வந்ததை எல்லாம் ஏற்றார்கள், ஆனால் தம் நாவுக்கு இசைய மாற்றி ஏற்றார்கள்.

தனித்து நின்று தூய்மையாய் இருப்பதுதான் பண்பாடு என்று சிலர் எண்ணுகிறார்கள். பிலிப்பினோ மேசை அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் பிறந்தநாளில் நீண்ட ஆயுளை வேண்டி உண்ணும் 'பன்சித்' சேமியா சீனரிடமிருந்து வந்தது. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் மக்காச்சோளம், தக்காளி, கொக்கோ முதலியவற்றைக் கொண்டு வந்தன. நம் கதையும் அதுதானே? நாம் நம்முடையது என்று பெருமை பேசும் மரச்சீனியும் மிளகாயும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வந்தவைதாம்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1762-இல் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயரின் கப்பல்கள் எங்கிருந்து புறப்பட்டன தெரியுமா? நம் சென்னையிலிருந்து. 1764-இல் ஆங்கிலேயர் திரும்பியபோது, உடன் சென்ற சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மரிக்கினாவை அடுத்த கைந்தா என்ற ஊரில் குடியேறிவிட்டார்கள். மாட்டுவாலை நிலக்கடலைச் சாற்றில் சமைக்கும் 'காரே-காரே' என்ற உணவு, அவர்கள் தம் ஊர்க் கறியை நினைத்து ஆக்கியது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ உண்மையோ, ஊரை விட்டுப் போனவன் முதலில் தேடுவது தாய்வீட்டுக் கறியைத்தான் என்பது மெய்.

எது எங்கிருந்து வந்தாலும் அவர்கள் நாவு தேடுவது புளிப்பை. 'சினிகாங்' என்ற மீன் சாற்றை அவர்கள் புளியிலும், மாங்காயிலும், கொய்யாவிலும் ஆக்குவார்கள். புளிக்கு அவர்கள் மொழியில் 'சம்பலோக்'. அந்தப் பெயரில் மணிலாவில் ஒரு பகுதியே இருக்கிறது. மேசைமேல் காடி, மீன்சாறு, சிறு எலுமிச்சை ஆகியவை எப்போதும் இருக்கும். உண்கிறவர் தம் சுவைக்கேற்பத் தாமே கலந்துகொள்ளலாம். ஆக்கியவர் அதைக் குறையாக எண்ண மாட்டார். சமையலை முடித்து வைக்கும் உரிமை விருந்தாளிக்கும் உண்டு என்பது அவர்களின் எண்ணம். இதை எடுத்துக்காட்டியவர் அந்தப் பேராசிரியை.

மூன்றாவது, தன் உணவைக் கண்டு வெட்கப்படுகிறவன் தன் தாயைக் கண்டு வெட்கப்படுகிறான்.

மரியா ஓரோசா என்று ஒரு பெண்மணி இருந்தார். அமெரிக்காவில் வேதியியல் படித்தவர். அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம். நாடு திரும்பினார். வெளிநாட்டிலிருந்து வரும் டப்பா உணவுதான் உயர்ந்தது என்று மக்கள் நம்பிய காலம் அது. அவர் வாழைப்பழத்தைக் கொண்டு தக்காளிச் சாறு போன்ற ஒரு சாறு செய்து காட்டினார். தவிட்டைக் கொண்டு சத்துப் பலகாரம் செய்தார். போர்க்காலத்தில் சோயா மாவுச் சத்துணவு செய்து, ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த கைதிகளுக்கு மறைவாகச் சேர்ப்பித்தார். 1945 பிப்ரவரியில், மணிலாப் போரில், குண்டுச் சிதறல் பட்டு உயிர் நீத்தார். நம் மண்ணில் விளைவது நமக்கு இழிவன்று என்று மெய்ப்பிக்க ஒரு வாழ்வையே கொடுத்த பெண்மணி.

இன்னொரு செய்தி. 2006-இல் கனடா நாட்டு மொன்றியல் நகரில், ஏழு வயது பிலிப்பினோச் சிறுவன் ஒருவன், தன் வீட்டு வழக்கப்படி முள்கரண்டியால் உணவைக் கரண்டியில் தள்ளி உண்டதற்காகப் பள்ளியில் கண்டிக்கப்பட்டான். அவன் தாய் சும்மா இருக்கவில்லை. 2010-இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் அக்குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்தத் தாய் வழக்காடியது ஒரு கரண்டிக்காகவா? 'நீ உண்ணும் முறை அசிங்கம்' என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், 'உன்னை வளர்த்தவர்கள் அசிங்கம்' என்று சொன்னதாகிவிடும். அதற்காகத்தான் வழக்காடினார். ஆத்தேயின் கடையில் நான் சுளித்த முகமும் அதைத்தான் சொல்லியிருக்கிறது.

இனி அந்தக் கடைக்குத் திரும்புவோம். 2009 செப்டம்பர் 26, சனிக்கிழமை. பெரும் புயல்மழை. கேசோன் நகரில் 24 மணி நேரத்தில் 455 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மரிக்கினா ஆறு கரை புரண்டது. மேட்டில் இருந்த நாங்கள் தப்பினோம். பள்ளத்தாக்கில் கூரைகள் மட்டுமே தெரிந்தன. 2017-இல் ஒக்கிப் புயலைக் கண்ட உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான்காம் நாள், வீடிழந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு உணவுப் பொட்டலம் கொடுக்கப் போனேன். முற்றத்தில் பெரிய பானையில் 'லூகாவ்' கொதித்துக்கொண்டிருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட அரிசிக் கஞ்சி. கிண்டிக்கொண்டிருந்தவர் ஆத்தே. அவர் வீடு போயிற்று, கடை போயிற்று, பாத்திரங்கள் சேற்றில் போயின. இரவல் பானையில் ஊருக்குக் கஞ்சி காய்ச்சுகிறார். என்னைக் கண்டதும் அகப்பையை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்: "குமாயின் நா போ பா காயோ, ஃபாதர்?" "சாப்பிட்டீர்களா, சாமி?" என்று பொருள்.

எல்லாம் இழந்தவர், ஒன்றும் இழக்காதவனைப் பார்த்துக் கேட்கிறார், சாப்பிட்டாயா என்று. அவர் தட்டை நான் தள்ளியதை அவர் மறந்திருக்க மாட்டார். ஆனாலும் கேட்டார். என் கண்கள் நிறைந்தன. அந்தக் கஞ்சியை வாங்கி, தரையில் அமர்ந்து, அவர்களோடு குடித்தேன். பிறகு சொன்னேன்: "ஆத்தே, கடை திறந்ததும் அந்தக் கறுப்புக் குழம்பு எனக்கு வேண்டும்." அவர் வாய்விட்டுச் சிரித்தார். நவம்பரில் கடை திறந்தது. கேட்டபடியே போட்டார். முதல் வாய் கடினமாகத்தான் இருந்தது. தட்டைக் காலியாக்கினேன்.

யோப்பா நகரில் புனித இராயப்பர் கண்ட காட்சி அப்போதுதான் எனக்கு விளங்கியது. வானிலிருந்து இறங்கிய விரிப்பில் பலவகை உயிரினங்கள். எடுத்து உண் என்று குரல் வருகிறது. அவர் மறுக்கிறார். பின்பு கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான், அந்தக் காட்சி உணவைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது என்று உணர்கிறார். ஒருவர் பானையைத் தீட்டு என்று ஒதுக்கினால் அவரையே ஒதுக்குகிறோம்.

அந்த டிசம்பரில், கிறிஸ்து பிறப்புக்கு முன் 16 முதல் 24 வரை அவர்கள் நிறைவேற்றும் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைக்குப் போனேன். பூசை முடிந்து வெளியே வந்தால் ஆலய வாசலில் ஆவி பறக்கிறது. மூங்கில் குழாயில் அவித்த ஊதா நிறப் புட்டு! தேங்காய்த் துருவலும் கருப்பட்டி போன்ற சர்க்கரையும் தூவி வாழை இலையில் தருகிறார்கள். 'பூத்தோ பும்போங்' என்று பெயர். நம் பாட்டிமார் மூங்கில் குழாயில் புட்டு அவித்ததை நினைத்து அந்தக் குளிரில் நின்றேன். அன்னிய நாட்டில் என் தாய்வீட்டு வாசலைக் கண்டேன்.

ஆனால் அங்கே எல்லாம் அழகு என்று நான் சொல்லவில்லை. மணிலாவின் ஏழைக் குடிசைகளில், உணவகங்கள் எறிந்த இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி, தூசி தட்டி, மறுபடி சமைத்து உண்போர் இருக்கிறார்கள். 'தட்டி உதறுதல்' என்று பொருள்படும் 'பக்பாக்' என்ற பெயரே அந்த உணவுக்கு உண்டு. ஊர்த் திருவிழாவில் எல்லாருக்கும் வீட்டைத் திறந்து விருந்து வைக்கக் கடன் வாங்கி, ஆண்டு முழுதும் அடைப்போரும் உண்டு. பசியும் கடனும் பண்பாடு ஆகாது. அவற்றைப் போற்ற வேண்டாம்.

அந்தப் பசிக்கும் அவர்களிடமிருந்தே ஒரு பதில் வந்தது. 2021 ஏப்ரல் மாதம், கொரோனாக் காலம். உணவுக் கடைகளுக்குப் பேர்போன, நான் பலமுறை நடந்த மாகின்ஹாவா தெருவில், ஓர் இளம்பெண் மூங்கில் வண்டி ஒன்றை நிறுத்தி, அதில் கொஞ்சம் அரிசியும் காய்கறியும் வைத்தார். இயன்றவர் வைக்கலாம், தேவைப்படுவோர் தேவைக்கு எடுக்கலாம் என்று எழுதினார். காவல் இல்லை, கணக்கு இல்லை. தார்லாக் மாகாண விவசாயிகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொண்டு வந்து கொட்டினார்கள். சில நாள்களில் நாடெங்கும் இத்தகைய வண்டிகள் நின்றன. இங்கே ஊரடங்கில் அச்செய்தியைப் படித்தபோது, அப்போஸ்தலர் பணி நூலில் வரும் ஆதித் திருச்சபையை நினைத்துக்கொண்டேன். 'காயின் போ தாயோ' என்று ஆத்தே தம் கடை வாசலில் சொன்னதை ஒரு தேசமே தெருவில் நின்று சொன்னது. பிலிப்பினோ என்பவர் யார் என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவரை அழைக்காமல் உண்ண மனம் வராதவர் என்று நான் சொல்வேன்.

அன்புள்ள பங்கு மக்களே, இப்போது நம் பொன்விழாப் பந்திக்கு வருகிறேன். என் கருத்தைச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

நகரத்துச் சமையற்காரர் வேண்டாம். ஒவ்வோர் அன்பியமும் ஒரு பானை ஏற்கட்டும். மரச்சீனிக் கிழங்கு இருக்கட்டும். மீன் புளிமுளம் இருக்கட்டும். கருவாடும் இருக்கட்டும். மீன் உண்ணாதவர்களுக்கு அவியல் இருக்கட்டும். யாரும் கடன் வாங்கிக் கொண்டு வர வேண்டாம், இருப்பதைக் கொண்டு வந்தால் போதும். நம்மைச் சுற்றி வாழும் இந்து, இசுலாமியச் சகோதரர்களையும் அழைப்போம். பெரியவர்களுக்குத் தனிப் பந்தி வேண்டாம். ஆயர் ஆண்டகையும் நம்மோடு அதே வரிசையில் அமர்வார், அதை நான் கேட்டுக்கொள்கிறேன். நாள்தோறும் அப்பத்தின் வடிவில் நம்மிடம் வருகிற ஆண்டவர், உயிர்த்தபின் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டுத் தம் சீடர்களைச் சாப்பிட அழைத்தவர். அந்த மீனைக் கண்டு அவர் வெட்கப்படவில்லை.

கடைசியாக, அன்று பின்வரிசையில் இருந்து கேட்ட தாய்க்கு என் பதில். அம்மா, நீங்கள் ஆக்குங்கள். முதல் இலையில் நான் உட்காருகிறேன். அன்று மணிலாவில் தள்ளிய தட்டுக்கு ஈடாக, உங்கள் கையால் இரண்டு முறை வாங்கி உண்பேன்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அடுப்புகளையும், வலைகளையும், வயல்களையும், கடல் கடந்து உழைக்கும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

- பங்குத்தந்தை